தெற்குப் பார்த்து உட்கார்ந்த அக்கா

முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை 'ரிஜெக்ட் அக்கா' என்போம். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியும் அவர் கைக்குப் போய்ச் சேரும். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க, நடுவுல இழுத்துட்ட" என்று ஒரு வரி அனுப்புவார். ஓசூரை விட்டு வந்து இத்தனை காலமாகியும் அந்த ஒரு வரிக்கு எனக்கு இன்னும் பயம்தான்.

வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும், கேஜ் என்கிற அளவுக் கருவியால் பாகங்களை அளந்து பார்க்கிற, இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தோம். நான் சேர்ந்த புதிதில் யாருக்கோ பிறந்தநாள் என்று கேன்டீனில் கேக் வெட்டினார்கள். எனக்குப் பாட வரும் என்று எப்படியோ மோப்பம் பிடித்து, மேசை மேல் ஏற்றாத குறையாகப் பாட வைத்தார்கள். பாடி முடித்ததும் கேன்டீனே அதிரும்படி கைதட்டினார்கள். எதிரில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தட்டவில்லை. கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொரலு நல்லா இருக்குது. மேல போறப்ப மட்டும் வழுக்குது. பாத்துக்க."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர் யார் எனக்குச் சொல்ல என்று சில நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு ஒருத்தி போனில் எடுத்திருந்த வீடியோவை அனுப்பினாள். கேட்டேன். வழுக்கத்தான் செய்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நானே போய் அவர் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

அவருக்குச் சர்க்கரை தடவிப் பேச வராது. கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால் சாம்பாரைப் பற்றித்தான் சொல்வார்; கேட்டவர் மனசைப் பற்றி யோசிக்கமாட்டார். புதுப்புடவை கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்கத் தனி தைரியம் வேண்டும். பிறந்தது தளிப் பக்கம் என்பதால் வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். மூன்று பாஷையிலும் முகத்துக்கு நேரேதான் பேசுவார். ஆனால் ஒன்று, அவர் வாயால் 'நல்லாருக்குது' என்று வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

ஒரு தடவை ஏதோ ஒரு பாகத்தில் துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. லாரி வாசலில் ஸ்டார்ட் செய்த நிலையில் நிற்கிறது. சூப்பர்வைசர் கெஞ்சினார், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா, அடுத்த லாட்ல சரி பண்ணிடலாம்."

"நான் அட்ஜஸ்ட் பண்ணிக்குவன் சார். போல்ட்டு பண்ணிக்குமா?"

ரிஜெக்ட் என்ற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். லாரி காலியாகத் திரும்பியது. அன்றைக்கு அவரைத் திட்டாத ஆள் இல்லை, நானும் திட்டினேன். வேறு எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் பிரேக்கை மிதிக்கும்போது அது பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

அவருக்குப் பாட வராது. காது மட்டும் அப்படியொரு காது. ஓடுகிற மெஷின்களின் நடுவே நடந்து போகும்போதே, "அதுல பேரிங் போவப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தோம். எல்லாரும் கம்பெனி ஆட்கள். பாகலூர், தளிப் பக்கத்துத் திருவிழாக்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பாடுவோம். சொந்தமாகச் சாமிப் பாட்டு கட்டி ரெக்கார்டு செய்யலாம் என்று ஆசை வந்தபோது, ஒரு மைக்கையும் பழைய லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் அக்காதான். வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தார். எங்கள் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகப் பிடித்து, எது முன்னால் எது பின்னால் என்று கலந்து, தன் வீட்டு ஹாலில் இருந்த ஹோம் தியேட்டரில் போட்டுக் காட்டினார். தபேலா நெஞ்சில் வந்து இடித்தது. நாங்கள் பறந்தோம்.

தளியில் ஒரு கோவில் திருவிழாவுக்கு அந்தப் பாட்டைக் கொடுத்தோம். மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் போட்டார்கள். தபேலாவைக் காணோம். என் குரல் எங்கேயோ டப்பாவுக்குள் இருந்து கத்தியது. சாமி பேர் எது, ஊர் பேர் எது என்றே புரியவில்லை. ஜனங்கள் அதற்கும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக்செட்காரரிடம் போனார். "அண்ணா, நிறுத்துங்க. இது என் தப்பு. வேற பாட்டு போடுங்க" என்றார். எங்கள் பாட்டை, எங்கள் கண் முன்னாலேயே, ரிஜெக்ட் செய்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "வூட்ல இருக்கற டப்பா எனக்கு இனிப்பு குடுத்துக்கினே இருந்திருக்குது. இல்லாத தபேலாவ இருக்குதுன்னு காட்டியிருக்குது. பொய் சொல்ற கேஜ வச்சு நான் எப்புடி அளக்கறது?"

அப்படித்தான் அந்த ஸ்டுடியோ ஸ்பீக்கர்கள் வந்தன. கருப்பாக இரண்டு பெட்டி. ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பெரிய வட்டம். மேலே மெல்லிய துணியால் செய்த சின்னக் குமிழ். கீழ் வட்டம் தடித்த ஓசைக்கு, மேல் குமிழ் சன்ன ஓசைக்கு. தன் சேமிப்பையெல்லாம் அதில் போட்டார். பெட்டியைப் பிரித்ததும் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டோம். எனக்குச் சப்பென்று இருந்தது. வாசற்படியில் நின்று கேட்ட அவருடைய அத்தை, அதாவது மாமியார், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"டீக்கட டப்பாவே தேவல போ."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். "கரெக்டு அத்தே. இது கேட்டு சொக்கறதுக்கு வாங்கனது இல்ல. சோதிக்கறதுக்கு வாங்கனது. இதுல நல்லா வந்துச்சின்னா எதுலயும் நல்லா வரும்."

இப்போது அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் அவர்கள் வீடு; மாடியில் ஒற்றை அறை. அதைக் கம்பெனிக்கு வருகிற பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது அத்தையின் எண்ணம். வீடு அத்தையின் பெயரில். தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் பையன்கள் குடியிருக்க, தங்கள் மாடி மட்டும் சும்மா கிடப்பதில் அவருக்கு மனத்தாங்கல். அக்காவின் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இரண்டு பேருக்கும் நடுவே வாயைத் திறக்கமாட்டார். கடைசியில் அத்தையே ஒரு கெடு வைத்தார். தீபாவளி வரைக்கும் பார்ப்பது. அதற்குள் நிலையாக வேலை வந்தால் அறை மருமகளுக்கு. வராவிட்டால் சாமானை இறக்கிவிட்டுக் கட்டில் போடுவது. அக்காவும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

மறுநாளே அறையை ஒழிக்க ஆரம்பித்தோம். நான் என்னவோ ஸ்பீக்கரை மேசையில் வைத்து ஒயரைச் சொருகினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அக்கா அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தார். மூலைக்குப் போய்த் தட்டினார். சுவர் அந்தத் தட்டலைத் திருப்பித் திருப்பித் தந்தது.

"நாம ஸ்பீக்கர வாங்கியிருக்கறம். ஆனா கேக்கப் போறது இந்த ரூமையும் சேத்துதான். மொதல்ல இதோட வாய அடக்கணும்."

அறை நீளவாக்கில் இருந்தது. குறுகிய சுவர் பக்கம் ஸ்பீக்கரை வைத்து நீளவாக்கில் பேசவிட்டால்தான் தடித்த ஓசை நெரிசலில்லாமல் வரும் என்றார். வடக்குச் சுவரில் ஒரு ஓரமாகக் கதவு. ஒரு பக்கம் கதவும் ஒரு பக்கம் சுவருமாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நியாயம் கிடைக்காதாம். அதனால் தெற்குச் சுவர். அங்கேதான் பிரச்சினை முளைத்தது.

"தெக்க பாத்து ஒக்காந்து வேல செய்வாங்களா யாராச்சும்? பேடா, பேடா, வேணாம்" என்று வாசற்படியில் நின்றபடியே அத்தை கையை ஆட்டினார். அறைக்குள் கால் வைக்கமாட்டார். அது அவருடைய எதிர்ப்பு. "மூலையில சாமி படம் வச்சு, கெழக்க பாத்து மேசய போடு. வேல தானா வரும்."

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். "நான்தான அத்தே தெக்க பாத்து ஒக்காருவன்? ஸ்பீக்கரு ரெண்டும் வடக்க பாத்துதான நிக்குது? வேல செய்யறது அதுங்கதான்."

அத்தை ஸ்பீக்கரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

பிறகு அந்த அறையில் நடந்ததை எந்தக் கம்பெனி புராஜெக்ட்டோடும் வைத்துப் பார்க்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையிலிருந்து வெட்டிப் போட்ட துண்டுக் கற்கள் இரண்டை வீட்டுக்காரர் கொண்டுவந்தார். மெஷினுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டையை முதலில் வைத்து, அதன்மேல் கல், கல்லின்மேல் ஸ்பீக்கர். இல்லாவிட்டால் மேசையும் கூடச் சேர்ந்து பாடும் என்றார். மெஷின் வந்து இறங்குகிற பைன் மரப் பெட்டிகளை உடைத்துச் சட்டம் அடித்தோம். கம்பெனியில் எண்ணெய் துடைக்கப் பயன்படும் நூல் வேஸ்ட்டைப் புதிதாக மூட்டையாக வாங்கி அதற்குள் அடைத்து, ரோஜாத் தோட்டத்தில் நிழலுக்குக் கட்டும் பச்சை வலையால் மூடினோம். அவற்றை மூலைகளில் நிறுத்தியதும் அறையின் கூச்சல் அடங்கிவிட்டது. உள்ளே பேசினால் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

பின் சுவரை ஒட்டி வைத்தால் தடித்த ஓசை வீங்கும் என்று ஸ்பீக்கர்களைத் தள்ளி வைத்தார். கொத்தனார் நூலை எடுத்து, ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து நாற்காலியில் உட்கார்ந்த தன் தலைக்கு, தலையிலிருந்து திரும்ப முதல் ஸ்பீக்கருக்கு என்று பிடித்து, மூன்று பக்கமும் ஒரே நீளமாக வருகிறவரை நாற்காலியை நகர்த்தினார். பக்கச் சுவர்களிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே தூரம். இரண்டின் முகத்தையும் தன் காதைப் பார்த்து லேசாகத் திருப்பினார். காதும் அந்தத் துணிக் குமிழும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று கல்லுக்கு அடியில் தகடு வைத்து ஏற்றினார். "இத மட்டும் வெரலால தொட்றாத. அமுங்கனா போச்சு" என்று எனக்குச் சொன்னார். அறைக்குள்ளேயே வராத அத்தைக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கடைசியாகக் கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடியை நான் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில், "அங்கதான், நில்லு" என்பார். ஸ்பீக்கரின் ஓசை அந்த இடத்தில் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வருமாம். அங்கே ஒரு சட்டத்தை மாட்டினால் அது அடங்கும். நேரே வருகிற பேச்சும் சுவர் வழியாக வருகிற பேச்சும் கலந்தால் எது நிஜம் என்று தெரியாது என்றார். வாசற்படியில் அத்தை, "சும்னிரு அம்மா, சும்மா இரு, ஏதோ கண்ணு பட்டத கழிக்கறாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, தளியில் மானத்தை வாங்கிய அதே பாட்டைப் போட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த அடியை மறக்க முடியாது. எனக்கு நேரே, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில் என் குரல் நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. மேலே போகும்போது அது வழுக்குவதும் பச்சையாகக் கேட்டது. தபேலா ஒரு மூலையில் மூட்டையாகக் கிடந்தது. நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். அக்கா தோளைப் பிடித்து அழுத்தினார்.

"ஓடாத. எங்க வழுக்குதுன்னு தெரிஞ்சா நீயே புடிச்சிக்குவ. எனக்கு உன் தொண்ட மேல நம்பிக்க இருக்குது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிறகு அதே வரியை அவர் திரும்பத் திரும்பப் பாடவைத்தபோதெல்லாம் பாடினேன். ஒரு நாள் பிடித்தும் விட்டேன். அவர் ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கு மட்டும் டீ ஊற்றிக் கொடுத்தார். எனக்கு விருது வாங்கிய மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் பக்திப் பாட்டு வெளியிடும் ஒரு கம்பெனியோடு பேச்சு வந்தது. அவர்களுக்கு மூன்று பாஷையிலும் வரிசையாகப் பாட்டுகளைக் கலந்து முடித்துத் தர ஆள் வேண்டும். முதலில் சாம்பிளுக்கு ஒரு பாட்டு, ஆயுத பூஜை கழிந்து வருகிற திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை தொடர்ந்து வரும். அத்தை வைத்த கெடுவுக்குள் வேறு வழி எதுவும் வரப்போவதில்லை. அந்த ஒரு பாட்டில்தான் அறை நின்றது.

ஓசூரில் ஆயுத பூஜை எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தெருவெல்லாம் பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி. பிரஸ் மெஷினிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் நெற்றி என்று ஓர் இடம் பார்த்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். எங்கள் கேஜ்களுக்கெல்லாம் அக்காதான் பொட்டு வைப்பார், அளக்கிற முனையில் படாமல், கைப்பிடியில். கம்பெனி பூஜை முடித்து, பொரிப் பொட்டலத்தோடு நானும் அவரும் மத்தியானம் வீட்டுக்குப் போனோம். பாட்டை முடிக்கிற வேலை பாதியில் இருந்தது.

மாடிக் கதவு திறந்திருந்தது. வாசலில் மாவிலை. உள்ளே அத்தை. முதல் தடவையாக அறைக்குள், குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றார். லேப்டாப்புக்குப் பூ. மைக்குக்குப் பூ. இரண்டு ஸ்பீக்கருக்கும் சாமந்தி மாலை. வலது ஸ்பீக்கரின் மரப்பெட்டியில் நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமும். இடது ஸ்பீக்கரில் அந்தத் துணிக் குமிழின் நட்டநடுவே வைத்திருந்தார். குமிழ் உள்ளே குழிந்திருந்தது.

"ஊர்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கறாங்க. உன் மெஷினுக்கு யாரு வைப்பாங்க, நான்தான வைக்கணும்?" என்றார் அத்தை, முகமெல்லாம் பூரிப்பாக. பிறகு அக்காவின் கண் போன இடத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அது மட்டும் வெரலு வச்சதும் உள்ள போச்சும்மா. பயந்துக்கினு இன்னொன்னுக்குக் கட்டையில வச்சிட்டன். ஒன்னும் ஆவல இல்ல?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்த அம்மாவுக்கு அதை மெஷினாக மதிக்கவே இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லித் தொலையேன் என்று அர்த்தம்.

"ஆயிருச்சு அத்தே" என்றார் அக்கா.

ஈரத்துணியும் பஞ்சும் வைத்து மெதுவாகத் துடைத்தார். சந்தனம் போயிற்று, குழி போகவில்லை. அத்தை வாசலைப் பார்த்து நகர்ந்தார். அக்கா விடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் நாற்காலியில், அந்த நூல் பிடித்து வைத்த இடத்தில், உட்காரவைத்தார். எங்கள் பாட்டை முதலில் ஒரு பக்கம் மட்டும் போட்டார். பிறகு மறு பக்கம் மட்டும்.

"சொல்லுங்க அத்தே. எப்புடி இருக்குது?"

அத்தை பயந்தபடி என்னைப் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இந்தப் பக்கம் இந்தப் பொண்ணு என் எதுர்ல நின்னு பாடறா. அந்தப் பக்கம் கதவ சாத்திக்கினு உள்ள இருந்து பாடறா."

"அவ்ளோதான். கெடுத்தது நீங்க. கண்டுபுடிச்சதும் நீங்க." அக்காவின் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. "எங்க குரூப்பு ஆளுங்களுக்கே இந்த வித்தியாசம் சொல்ல வராது."

"அப்ப ரூமு?" என்றார் அத்தை. கெடு வைத்தவரே அவர்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வியில் பதறியது வீட்டுச் சொந்தக்காரியின் குரல் இல்லை.

"போனாலும் போவட்டும். பாட்டு தப்பா போவக் கூடாது."

பூஜை விடுமுறையில் கடை எதுவும் திறக்கவில்லை. போனில் விசாரித்ததில், அந்தக் குமிழுக்கு மாற்று வந்து சேர நாளாகும் என்றார்கள். பெங்களூருக்குத் தவணை கேட்கலாம் என்றேன். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். கெட்டுப்போன இடது ஸ்பீக்கரைத் துண்டால் மூடி ஓரமாக வைத்தார். நல்ல ஸ்பீக்கரைக் கல்லோடு தூக்கி நடுவில் நாற்காலிக்கு நேராக வைத்து, மட்டம் பார்த்தார்.

"ரெண்டுல ஒன்னு பொய் சொல்லுது. நெஜம் சொல்றது ஒன்னு இருந்தா போதும்."

மறுநாள் பகல் முழுக்க அந்த ஒற்றை ஸ்பீக்கரில் வேலை செய்தார். இரண்டு இருந்தால் ஒருவரை இடது பக்கமும் ஒருவரை வலது பக்கமும் நகர்த்திவைத்து இடம் உண்டாக்கிக்கொள்ளலாம். ஒன்றில் எல்லாரும் ஒரே வாசலில் வந்து நெரிந்தோம். என் குரல் மேல் தபேலா ஏறியது. தபேலா மேல் கீபோர்டு ஏறியது. யாருடைய எந்த ஓசை யாரை மறைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். அத்தை நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, "சாமி பேரு முழுங்குது" என்றும் "ஆங், இப்ப வந்துச்சு" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். பக்கவாட்டில் போக வேண்டிய சின்னச் சின்ன வாத்தியங்களை மட்டும் ஹெட்போனில் குத்துமதிப்பாக வைத்தார்.

முடித்ததும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினோம். வீட்டுக்காரரின் பஸ்ஸில் ஒரு ஸ்பீக்கர்தான் உயிரோடு இருந்தது, அதில் கேட்டோம். பாகலூர் ரோடு டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், கோவில் மைக்செட்டில் என்று போட்டுப் பார்த்தோம். எல்லா இடத்திலும் நான் எதிரில் நின்றுதான் பாடினேன். குழாய் ஸ்பீக்கரில்கூட ஒவ்வொரு வார்த்தையும் வந்து விழுந்தது.

"பாத்தியா, பாதி ஊரு ஒத்த ஸ்பீக்கர்லதான் கேக்குது" என்றார் அக்கா.

இத்தோடு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். திங்கட்கிழமை காலையில் பாட்டை அனுப்பிவிட்டு, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும் பேசினார். வேண்டாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். நாங்களே போய் எங்கள் கழுத்தில் சிவப்பு அட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டுமா? அவர் கேட்கவில்லை.

"சார், எங்க இடது ஸ்பீக்கரு பூஜையில கெட்டுப் போச்சு. ஒரே ஸ்பீக்கர்ல முடிச்சிருக்கறன். நடுவுல இருக்கறதுக்கு நான் பொறுப்பு. ரெண்டு பக்கமும் இருக்கறத நான் சரியா கேக்கல. கேட்டுட்டு சொல்லுங்க."

இரண்டு நாள் பதிலே இல்லை. அத்தை சாப்பிடவில்லை என்று வீட்டுக்காரர் பஸ்ஸில் வைத்துச் சொன்னார். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டி வரும்போது போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். பேசினவர் கன்னடக்காரர், தமிழில் முயற்சி செய்தார்.

"மேடம், சைடுல ஜால்ரா ஒன்னு ஜாஸ்தி இருக்குது. அதக் கம்மி பண்ணுங்க. மத்தது எல்லாம் ஹாகே இருக்கட்டும், அப்படியே. எங்களுக்கு வர்ற சாம்பிள்ல தப்ப நாங்கதான் தேடுவோம். நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க. மீதிப் பாட்டும் உங்களுக்கே அனுப்பறேன்."

நான் நடுரோட்டில் கத்தினேன். அக்கா, "ஜால்ராவா? நெனச்சன்" என்று மட்டும் சொன்னார். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவரை அறிந்த காலத்தில் அன்றைக்கு ஒரு தடவைதான் அப்படிப் பார்த்தேன். அந்த வருடத் தீபாவளிக்கு அந்த மாடியில் கட்டில் ஏறவில்லை.

புதுக் குமிழ் வந்தது. பாட்டுகளும் வந்துகொண்டே இருந்தன. எந்தப் பாட்டும் அத்தை கேட்டுச் சாமி பேர் விளங்குகிறது என்று சொன்ன பிறகுதான் பெங்களூருக்குப் போகும் என்று வழக்கமாகிவிட்டது. அவர் வாசற்படியில் நிற்பதை விட்டுவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி நான் கிளம்புவதற்கு முன்னால் அங்கே கடைசியாகப் பார்த்தது அடுத்த ஆயுத பூஜையைத்தான்.

அன்றைக்கு அத்தை தட்டில் சந்தனம் குங்குமத்தோடு மாடிக்கு வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்பீக்கர் பக்கமே போகவில்லை. அடியில் இருந்த கிரானைட் கல்லில், ஒன்றுக்கு ஒன்று சரியாக, ஒவ்வொரு பொட்டு வைத்தார். பிறகு நாற்காலியில் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருந்த மருமகளின் முன்னால் வந்து நின்றார்.

"தலய தூக்கு கண்ணு. மெயினு மெஷினு இதான?"

சொல்லிக்கொண்டே அக்காவின் வலது காது மடலில் சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். பிறகு இடது காதிலும். பத்திரமாக, விரல் நுனியால், அமுங்கிவிடப் போகிறது என்பதுபோல. நான் நிமிர்ந்து நின்றேன். இவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள் நான் என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்ல வேண்டும்போல இருந்தது.

அன்று சுவரோடு நகர்த்திய அந்தப் பழைய கண்ணாடியை எடுத்து நீட்டினேன். அக்கா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்குது அத்தே" என்றார். "எடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."